தொடையிடுக்கில் நெறி கட்டியிருக்கிறது. அக்டோபர் வரை காத்திருக்கலாமா?

வேலூர் மாவட்டம் கே.வி.குப்பத்துக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து 47 வயது வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். அரசுப் பள்ளியில் சத்துணவு அமைப்பாளர். கணவர் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். ஒரே மகளுக்கு ஆவணியில் நிச்சயதார்த்தம். நீளமான கடிதம், ஆளை அடையாளம் காட்டக்கூடிய சிலவற்றை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

அவருடைய இடது குதிகாலில் மிளகு அளவில் ஒரு கறுப்புப் புள்ளி வெகுநாளாக இருந்தது. முள் குத்திய தழும்பு என்று விட்டுவிட்டார். சென்ற ஆண்டு அது ஓரம் கலைந்து பரவத் தொடங்கியதும் தோல் மருத்துவரிடம் காட்ட, அவர் சிறு துண்டெடுத்து பயாப்சிக்கு அனுப்பினார். முடிவு மெலனோமா, அதாவது நிறமிச் செல்களில் வரும் தோல் புற்றுநோய். மார்கழியில் அறுவைச் சிகிச்சை நடந்தது. புள்ளியைச் சுற்றி ஒரு சென்டிமீட்டர் விட்டு எடுத்து, இடது தொடைத் தோலைக் கொண்டுவந்து அங்கே ஒட்டினார்கள். அறிக்கையில் ஆழம் 0.6 மில்லிமீட்டர், மேலே புண் இல்லை, வெட்டிய ஓரங்களில் நோய் இல்லை என்று இருக்கிறது. “ஆரம்ப நிலையிலேயே எடுத்தாச்சு, வேறு மருந்து வேண்டாம்” என்று அனுப்பிவிட்டார்கள். அடுத்து வரச் சொன்னது அக்டோபரில்.

மூன்று வாரத்துக்கு முன் குளிக்கும்போது இடது தொடையிடுக்கில் கொட்டைப்பாக்கு அளவுக்கு ஒரு கட்டி தட்டுப்பட்டது. வலி இல்லை, காய்ச்சல் இல்லை, படுத்தாலும் மறையவில்லை. “சூட்டுக்கு நெறி கட்டியிருக்கு” என்று நாத்தனார் சுண்ணாம்பும் வெல்லமும் குழைத்துப் போட்டதில் தோல் பொத்துப் போனது. மெடிக்கல் ஷாப்பில் கேட்டு ஐந்து நாள் ஆன்டிபயாடிக் சாப்பிட்டார். கட்டி அப்படியே இருக்கிறது. அவர் கேட்பது இவை: “ஆரம்ப நிலைன்னுதானே சொன்னாங்க, அப்போ இது அதுவா இருக்காது இல்லையா? அன்னைக்கே நெறியையும் சேர்த்து எடுத்திருக்கணுமோ, தப்பு நடந்துபோச்சா? ஊசி குத்திப் பார்த்தா பரவிடும்னு சொல்றாங்களே? நிச்சயம் முடியற வரைக்கும் யாருக்கும் சொல்லாம இருந்துட்டா என்ன?”

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். அக்டோபர் வரைக்கும் காத்திருக்க வேண்டாம், நிச்சயதார்த்தம் முடியட்டும் என்றும் காத்திருக்க வேண்டாம். இந்த வாரம் முடியாவிட்டால் அடுத்த வாரத்துக்குள் போய்க் காட்டிவிடுங்கள். இதைப் படித்ததும் “அப்போ அதுதான்” என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அதுதான் என்று நான் சொல்லவில்லை. அது இல்லை என்றும் சொல்லவில்லை. கடிதத்தை வைத்துக்கொண்டு எதையும் சொல்ல முடியாது. இருபது வருடம் அறுவைச் சிகிச்சை செய்த கைகூடத் தொட்டுப் பார்த்து மட்டும் உறுதியாகச் சொல்லாது. அதைச் சொல்ல ஊசியால் சில செல்களை எடுத்துப் பார்க்கும் ஒரு எளிய சோதனை இருக்கிறது. அதைச் செய்யும் வரை அந்தக் கட்டிக்கு நீங்களும் பெயர் வைக்காதீர்கள், மற்றவர்கள் வைக்கும் பெயரையும் நம்பாதீர்கள்.

அக்டோபர் தேதியைப் பற்றி ஒன்று. சீட்டில் ஒரு தேதி எழுதிக் கொடுத்தால் அதற்கு முன்னால் போகக் கூடாது, போனால் டாக்டர் திட்டுவார் என்று நம் பக்கத்தில் பலர் நினைக்கிறார்கள். எந்தத் தொந்தரவும் இல்லாதவர்கள் வர வேண்டிய நாள் அது. புதிதாகக் கட்டியோ, தழும்புப் பக்கம் கறுப்போ தெரிந்தால் அன்றைக்கே போகலாம். ஓபி கவுன்ட்டரில் கதை முழுவதும் சொல்ல வேண்டாம். “மெலனோமா ஆபரேஷன் ஆன அதே காலில், தொடையிடுக்கில் புதுக் கட்டி” என்று ஒரு வரி சொன்னால் போதும், எந்தப் பிரிவுக்கு அனுப்ப வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும்.

நெறி ஏன் கட்டுகிறது

நம் ஊர் ஏரிப் பாசனம் தெரிந்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். எந்த வயலின் தண்ணீர் எந்தக் கால்வாயில் வடியும் என்பதற்கு ஒரு ஒழுங்கு உண்டு. உடம்பிலும் அப்படித்தான். பாதத்திலிருந்து வடியும் நிணநீர் பெரும்பாலும் தொடையிடுக்கில் இருக்கும் நிணநீர்க் கணுக்களுக்கு வந்து சேரும். அந்தக் கணுவைத்தான் நாம் நெறி என்கிறோம். குதிகாலின் வெளிப்பக்கத்து நிணநீர் முழங்காலுக்குப் பின்னால் இருக்கும் கணுவுக்கும் போகலாம். அதனால் மருத்துவர் முழங்கால் பின்பக்கத்தையும் தொட்டுப் பார்க்க வேண்டும். பார்க்காவிட்டால் நீங்களே கேளுங்கள், தவறில்லை.

அந்தக் காலில் என்ன நடந்தாலும் நெறி வீங்கலாம். சமையல் கூடத்தில் காலையிலிருந்து ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்பதாகவும், விரலிடுக்கில் தோல் உரிந்து அரிப்பதாகவும் கடிதத்தின் நடுவில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்த வரி எனக்கு முக்கியமாகப் பட்டது. சேற்றுப்புண்ணும் பித்தவெடிப்பும் வழியாகக் கிருமி நுழைந்து நெறி கட்டுவது இங்கே சர்வ சாதாரணம். வெறுங்காலோடு வேலை செய்கிறவர்களில் பலருக்குத் தொடையிடுக்கில் ஒன்றிரண்டு நெறி எப்போதுமே கைக்குத் தட்டுப்படும், அது நோயே அல்ல. தோல் எடுத்த தொடைப் பகுதியைச் சொறிந்து புண்ணாக்கியிருந்தாலும் வீங்கலாம்.

அப்புறம் யானைக்கால். வேலூர்ப் பக்கம் அந்த நோய் இருந்த பகுதிதான். வீடு வீடாக வந்து யானைக்கால் மாத்திரை கொடுத்தது உங்களுக்கு நினைவிருக்கும். ஆனால் அந்த நெறி பெரும்பாலும் குளிர்காய்ச்சலோடும், வலியோடும், காலில் சிவந்த கோடோடும் வரும். நீங்கள் சொல்வது அப்படி இல்லை. காசநோய் நெறி இன்னொரு சாத்தியம். அது கழுத்தில்தான் அதிகம் வரும், தொடையிடுக்கில் குறைவு, ஆனாலும் நம் நாட்டில் எந்த நெறியிலும் அதை நினைத்துப் பார்க்காமல் விட முடியாது. உங்கள் வயதுப் பெண்களுக்குத் தொடைமேட்டில் குடலிறக்கமும் வரும். வெளியே தொட்டால் நெறி போலவே இருக்கும். முதலில் ஸ்கேன், அப்புறம்தான் ஊசி என்று நான் கீழே சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

இத்தனை சாதுவான காரணங்கள் இருக்கும்போது ஏன் அவசரப்படுத்துகிறேன்? அதே காலில் மெலனோமா இருந்தது என்பதால்தான். அந்த வரலாறு இல்லாத ஒருவர் இதே கட்டியோடு வந்தால் சேற்றுப்புண்ணுக்கு மருந்து கொடுத்து மூன்று, நான்கு வாரம் பொறுத்துப் பார்க்கலாம். உங்களுக்கு அந்தச் சலுகை கிடையாது.

வலி இல்லை என்பதை ஆறுதலாக எழுதியிருக்கிறீர்கள். அதையும் திருத்திக்கொள்ளுங்கள். தொட்டால் வலிக்கிற, சட்டென்று வீங்கிய நெறி பெரும்பாலும் கிருமித் தொற்றால் வருவது. வலிக்காமல் ஒரே அளவில் உட்கார்ந்திருக்கும் நெறியைத்தான் சோதித்தாக வேண்டும்.

சுண்ணாம்பு வெல்லத்தை இனித் தொடவே வேண்டாம். நாத்தனார் அக்கறையோடுதான் செய்தார், அவரைக் கோபிக்காதீர்கள். ஆனால் அந்தப் புண்ணே இப்போது நெறியை இன்னும் வீங்க வைக்கும், ஸ்கேன் பார்ப்பவரையும் குழப்பும், ஊசி போட வேண்டிய இடத்தில் தோல் பொத்துப் போயிருக்கும். போகும்போது “இங்கே சுண்ணாம்பு வைத்தோம்” என்று வெட்கப்படாமல் சொல்லிவிடுங்கள். சாப்பிட்ட ஆன்டிபயாடிக்கின் அட்டையையும் எடுத்துப் போங்கள்.

‘ஆரம்ப நிலை’ என்று சொன்னதன் பொருள்

மெலனோமாவில் புள்ளியின் அகலத்தைவிட அது தோலுக்குள் எத்தனை ஆழம் இறங்கியிருக்கிறது என்பதுதான் கணக்கு. 0.8 மில்லிமீட்டருக்குக் குறைவு, மேலே புண் இல்லை என்றால் அது மிகவும் ஆரம்பமான பிரிவு. உங்களுடையது 0.6. இந்தப் பிரிவில் நெறிக்குப் போயிருக்கும் வாய்ப்பு நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவு. அதனால்தான் உலகம் முழுவதும் இந்த ஆழத்துக்கு நெறியை எடுத்துச் சோதிப்பதைப் பொதுவாகப் பரிந்துரைப்பதில்லை. எடுத்தால் நூற்றில் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் தேவையில்லாத ஒரு ஆபரேஷனும், சிலருக்குக் கால்வீக்கமும்தான் மிச்சம்.

ஆகவே உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பதில்: தப்பு நடக்கவில்லை. நீங்கள் எழுதிய அறிக்கை சரி என்றால், அந்த அறுவைச் சிகிச்சை நிபுணர் செய்ய வேண்டியதைத்தான் செய்திருக்கிறார். வழக்கு, நுகர்வோர் கோர்ட் என்று உங்கள் மைத்துனர் பேசுவதாக எழுதியிருக்கிறீர்கள். அதில் இப்போது செலவழிக்கும் ஒவ்வொரு நாளும் வீண்.

ஆனால் ‘ஆரம்ப நிலை’ என்றால் வாய்ப்பு குறைவு என்றுதான் பொருள், வாய்ப்பே இல்லை என்று பொருளல்ல. இதை உங்களுக்கு அன்றே தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும். “முழுசா எடுத்தாச்சு” என்ற வார்த்தை நோயாளிக்குத் தெம்பு கொடுக்கும், உண்மைதான். அதோடு “மாதம் ஒரு முறை தழும்பையும் தொடையிடுக்கையும் தொட்டுப் பாருங்கள், ஏதாவது தெரிந்தால் உடனே வாங்க” என்று ஒரு வாக்கியம் சேர்த்தால் குடி முழுகிவிடாது. எங்கள் தொழிலில் அந்த ஒரு வாக்கியம் அடிக்கடி விட்டுப்போகிறது.

கத்தி வைத்ததால் பரவிவிட்டதோ என்றும் கேட்கிறீர்கள். இல்லை. நாளைக்கு அந்த நெறியில் மெலனோமா இருப்பதாகவே தெரியவந்தாலும், புள்ளியை வெட்டியெடுப்பதற்கு முன்பே கண்ணுக்குத் தெரியாத சில செல்கள் அங்கே போய் உட்கார்ந்திருந்தன என்றுதான் அர்த்தம். நீங்கள் வெறுங்காலோடு நடந்ததாலோ, வெயிலில் வேலை செய்ததாலோ இது வந்தது என்று சொல்ல முடியாது. வெள்ளைக்காரர்களுக்கு வரும் மெலனோமாவுக்கு வெயில் பெரிய காரணம். நம்மைப் போன்ற மாநிறத்தவர்களுக்கு அது உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி என்று வெயில் படாத இடங்களில்தான் அதிகம் வருகிறது. நம்மவர்கள் அதை முள் தழும்பு, ஆணி, அடிபட்ட ரத்தக்கட்டு என்று நினைத்துத் தள்ளிப்போடுவதும் அதனால்தான். நீங்கள் 0.6 மில்லிமீட்டரிலேயே காட்டியது உங்களுக்கே தெரியாமல் நீங்கள் செய்த பெரிய காரியம்.

ஊசி குத்தினால் பரவாது

“ஊசி போட்டா கலைஞ்சு பரவிடும்” என்பதை அநேகமாக ஒவ்வொரு வாரமும் கேட்கிறேன். படித்தவர்களும் சொல்கிறார்கள். எஃப்.என்.ஏ.சி. என்பது ரத்தம் எடுக்கும் ஊசியைப் போல, பல நேரம் அதைவிட மெல்லிய ஊசியால் நெறியிலிருந்து சில செல்களை உறிஞ்சி, கண்ணாடிச் சில்லில் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது. மெலனோமா சிகிச்சை முடிந்தவருக்கு நெறி தட்டுப்பட்டால் அது என்ன என்று உறுதிசெய்ய முதலில் செய்ய வேண்டிய சோதனை இதுதான். நோய் பரவுவது ஊசியால் அல்ல, ஊசிக்குப் பயந்து வீட்டில் இருக்கும் மாதங்களில்தான்.

நடைமுறையில் இப்படிப் போகும். முதலில் தொடையிடுக்குக்கும் முழங்கால் பின்பக்கத்துக்கும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன். நெறி நீள்வட்டமாக, நடுவில் கொழுப்புப் பகுதி தெளிவாகத் தெரிந்தால் அது நல்ல அறிகுறி. உருண்டையாக, நடுப்பகுதி அழிந்து, ஓரத்தில் ரத்த ஓட்டம் கூடியிருந்தால் சந்தேகம். அளவை மட்டும் பார்த்துப் பயப்படாதீர்கள். தொடையிடுக்கில் ஒரு சென்டிமீட்டருக்கு மேலும் சாதாரண நெறி இருக்கும். பிறகு ஸ்கேனைப் பார்த்துக்கொண்டே ஊசி. எடுத்ததில் ஒரு பகுதியைக் காசநோய்க்கான சிபிநாட் சோதனைக்கும் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள், இரண்டாம் முறை குத்த வேண்டியிருக்காது. பெரும்பாலும் சில நாட்களில் முடிவு வந்துவிடும்.

இரண்டு விஷயங்களுக்கு மட்டும் உடனே சம்மதிக்காதீர்கள். ஒன்று, “எதுக்கு ஊசி, சின்னக் கட்டிதானே, இங்கேயே கீறி எடுத்துடலாம்” என்று யாராவது சொன்னால். ஊசியில் தெரியாதபோது நெறியை எடுத்துப் பார்ப்பது சரியான வழிதான். ஆனால் அதைப் புற்றுநோய் அறுவைச் சிகிச்சை தெரிந்தவர் திட்டமிட்டு எடுக்க வேண்டும். கண்ட இடத்தில் கீறினால் பிறகு முழு அறுவைச் சிகிச்சை தேவைப்படும்போது சிக்கலாகும். இன்னொன்று, சோதனை எதுவும் செய்யாமல் “டிபி மருந்து ஆரம்பிச்சுப் பார்ப்போம்” என்பது. உங்கள் வரலாறு தெரிந்த ஒருவர் அதைச் சொல்லக் கூடாது.

முடிவு எப்படி வரலாம்

சாதாரண வீக்கம், அதாவது ‘ரியாக்டிவ்’ என்று வந்தால் மூச்சு விட்டுக்கொள்ளுங்கள். ஆனால் அறிக்கையைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிடாதீர்கள். ஊசி சில நேரம் நோய் இருக்கும் மூலையைத் தவறவிடும். சேற்றுப்புண்ணுக்கு மருந்து போட்டு, நான்கிலிருந்து ஆறு வாரத்தில் மறுபடி ஸ்கேன். சுருங்கினால் நல்லது. அப்படியே இருந்தாலோ வளர்ந்தாலோ மறுபடி ஊசி, இல்லையென்றால் நெறியையே எடுத்துச் சோதிப்பது.

காசநோய் என்றால் அழ வேண்டியதில்லை. ஆறு மாத மருந்து அரசில் இலவசம். சத்துணவுக்காக மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வரும். 2024 நவம்பருக்கு முன் அது 500 ஆக இருந்தது. நெறியில் மட்டும் இருக்கும் காசநோய் சாதாரணமாக அடுத்தவருக்குத் தொற்றாது. நீங்கள் சமையல் கூடத்தில் இருப்பதால் இதைச் சொல்கிறேன்.

மெலனோமா என்று வந்தால்? அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். அப்போது இது மூன்றாம் நிலை என்று எழுதுவார்கள். அந்த எண்ணைக் கேட்டதும் பலர் இடிந்துபோகிறார்கள், நான்கில் மூன்று போய்விட்டது என்று கணக்குப் போடுகிறார்கள். அப்படி அல்ல. நோய் பக்கத்து நெறி வரைக்கும் வந்திருக்கிறது, அதற்கு மேல் போனதாகத் தெரியவில்லை என்பதே அதன் பொருள். குணமாக்கும் நோக்கத்தோடு சிகிச்சை செய்கிற நிலை அது. வேறு எங்காவது இருக்கிறதா என்று பெட் ஸ்கேனும், தேவைப்பட்டால் மூளைக்கு எம்.ஆர்.ஐ.யும் எடுப்பார்கள். எடுத்த திசுவில் சில மரபணு மாற்றங்களையும் பார்ப்பார்கள், எந்த மருந்து பொருந்தும் என்று தெரிவதற்காக.

சிகிச்சையின் முக்கியப் பகுதி தொடையிடுக்கு நெறிகளை மொத்தமாக எடுக்கும் அறுவைச் சிகிச்சை. இணையத்தில் தேடி, “நெறியை எல்லாம் எடுக்கத் தேவையில்லைன்னு இப்போ சொல்றாங்களாமே” என்று உங்கள் வீட்டில் யாராவது கேட்கக்கூடும். 2017ல் வந்த ஒரு பெரிய ஆய்வு அப்படிச் சொன்னது உண்மை. ஆனால் அது கைக்குத் தட்டுப்படாத, சோதனைக்காக எடுத்த முதல் நெறியில் மட்டும் நோய் தெரிந்தவர்களைப் பற்றியது. கைக்கே தட்டுப்படும் நெறிக்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

இப்போது மாறிவருவது வேறொன்று. அறுவைச் சிகிச்சைக்கு முன்னாலேயே நோய் எதிர்ப்பு மருந்துகளை, அதாவது இம்யூனோதெரபியைக் கொடுப்பது. 2024ல் வெளியான நாடினா என்ற ஆய்வில், முன்கூட்டியே அந்த மருந்து பெற்றவர்களில் ஓராண்டில் நூற்றுக்கு 84 பேர் நோய் முற்றாமலும் திரும்பாமலும் இருந்தார்கள். நேரே அறுவைச் சிகிச்சைக்குப் போனவர்களில் அது 57. உள்ளங்கால் வகை மெலனோமாவில் இந்த மருந்துகள் மற்ற வகைகளைவிடக் கொஞ்சம் குறைவாகவே வேலை செய்கின்றன, அதனால் அந்த எண்ணை அப்படியே உங்களுக்குப் பொருத்திவிட முடியாது. செலவும் பல லட்சம். பக்கவிளைவும் உண்டு. ஆனாலும் “ஆபரேஷனுக்கு முன்னாடி மருந்து கொடுக்கிற வழி எனக்குப் பொருந்துமா?” என்ற கேள்வியை நீங்கள் கேட்டே ஆக வேண்டும். நெறிகளை எடுத்த பிறகு அந்தக் கால் வீங்கும் வாய்ப்பு உண்டு. காலுறை, செருப்பு, பாதப் பராமரிப்பு இதெல்லாம் அப்போது பேச வேண்டியவை. செருப்பை மட்டும் இன்றைக்கே போட ஆரம்பியுங்கள், சமையல் கூடத்திலும்.

எங்கே போவது, எதை எடுத்துப் போவது

முதலில் அறுவைச் சிகிச்சை நடந்த இடத்துக்கே போங்கள். உங்கள் கதை தெரிந்தவர்கள். மனம் ஒப்பவில்லை என்றால் வேலூரில் இருப்பவருக்கு வழியில்லாமல் இல்லை. அடுக்கம்பாறையில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது, ஸ்கேனுக்கும் ஊசிச் சோதனைக்கும் அது போதும். சிஎம்சி, அதாவது கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. பெரிய சிகிச்சை தேவைப்பட்டால் காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அரசு அண்ணா புற்றுநோய் மருத்துவமனை, சென்னையில் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை. வட இந்தியாவிலிருந்தும் வங்கத்திலிருந்தும் ரயிலேறி வேலூருக்கு வைத்தியத்துக்கு வருகிறார்கள். நீங்கள் கே.வி.குப்பத்திலிருந்து பஸ் ஏறத் தயங்குகிறீர்கள்.

பழைய பயாப்சி அறிக்கை இரண்டும், டிஸ்சார்ஜ் சம்மரி, ஆதார், ரேஷன் கார்டு, முதலமைச்சர் காப்பீட்டு அட்டை எல்லாம் வேண்டும். வேறு மருத்துவமனைக்குப் போவதாக இருந்தால் பயாப்சியின் ஸ்லைடுகளையும், எடுத்த திசுவைப் பதித்து வைத்திருக்கும் மெழுகுக் கட்டியையும் கேட்டு வாங்குங்கள். ஆழம் 0.6தானா என்பதை இன்னொரு நிபுணர் திரும்பப் பார்ப்பது உங்கள் விஷயத்தில் உண்மையிலேயே பயனுள்ளது. மருத்துவ ஆவணங்களை எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டு நெறிமுறை விதி. சண்டை போட்டுக் கேட்க வேண்டியதில்லை; ஒரு வெள்ளைத் தாளில் எழுதி, தேதி போட்டுக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை இருக்கிறது. மார்கழி ஆபரேஷனுக்கு எவ்வளவு போயிற்று, மிச்சம் எவ்வளவு என்று மருத்துவமனையில் இருக்கும் திட்ட அலுவலரிடம் முதல் நாளே கேளுங்கள். எல்லா மருந்தும் அதில் வராது. வராது என்று தெரிந்தால் அதற்கேற்ப யோசிக்க நேரம் கிடைக்கும்.

தொடையிடுக்கை ஆண் டாக்டரிடம் காட்ட வேண்டுமே என்ற கூச்சம்தான் இந்த மூன்று வாரத்தில் பாதியைத் தின்றது என்று கடிதத்திலிருந்து தெரிகிறது. ஆண் மருத்துவர் பரிசோதிக்கும்போது ஒரு பெண் உடனிருக்க வேண்டும் என்று கேட்பது உங்கள் உரிமை. தேசிய மனித உரிமை ஆணையம் 2018ல் தயாரித்த நோயாளி உரிமைச் சாசனத்திலும் இது இருக்கிறது. “சிஸ்டர் ஒருத்தர் கூட இருக்கட்டும்” என்று சொன்னால் போதும். யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

வீட்டில் யாரிடம் சொல்வது

கணவரிடம் இன்று இரவே சொல்லுங்கள். ‘அவர் பயந்துடுவார்’ என்று எழுதியிருக்கிறீர்கள். பயப்படட்டும். ஆட்டோ ஓட்டிக்கொண்டிருக்கும்போது வேறு யாரோ சொல்லிக் கேட்பதைவிட நீங்கள் சொல்லிப் பயப்படுவது நல்லது. ஓபியில் டாக்டர் சொல்வதில் பாதி உங்கள் காதில் ஏறாது. எல்லோருக்கும் அப்படித்தான். கூட ஒருவர் இருந்து எழுதிக்கொள்ள வேண்டும்.

மகளைப் பற்றி: “மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிஞ்சா வேணாம்னு போயிடுவாங்க” என்ற பயம் எனக்குப் புரிகிறது, நம் ஊரில் இது கற்பனைப் பயமும் அல்ல. ஆனால் சில உண்மைகளை வைத்துக்கொள்ளுங்கள். இது தொற்றுநோய் அல்ல. உள்ளங்காலில் வரும் இந்த வகை சாதாரணமாகப் பரம்பரையாக வருவதும் அல்ல. உங்களுக்கு வந்ததால் மகளுக்கு வரும் என்று யாரும் சொல்ல முடியாது. உங்கள் மருத்துவ விவரத்தை உங்கள் சம்மதமில்லாமல் மருத்துவர் வெளியில் சொல்லக் கூடாது. ஊர் முழுக்கச் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. ஆனால் மகளிடம் மறைப்பது வேறு. அவளுக்கு ஏற்கெனவே ஆபரேஷன் விஷயம் தெரியும். குளியலறையில் அதிக நேரம் ஆகிறது, சாப்பாடு குறைந்திருக்கிறது என்பதையெல்லாம் அவள் கவனிக்காமல் இருக்கிறாள் என்று நினைக்கிறீர்களா? முடிவு வந்த பிறகாவது அவளிடம் சொல்லிவிடுங்கள். மாப்பிள்ளை வீட்டில் எப்போது, எவ்வளவு சொல்வது என்பதை அவளும் சேர்ந்து தீர்மானிக்கட்டும். அது அவளுடைய கல்யாணம்.

நிச்சயதார்த்தத் தேதியை மாற்ற வேண்டிய அவசியம் இப்போது எதுவும் இல்லை. ஸ்கேனும் ஊசியும் அரை நாள் விடுப்பில் முடிகிற வேலை. அன்று மாலையே வீட்டு வேலை செய்யலாம், குத்திய இடத்தில் இரண்டு நாள் கன்றியிருக்கும், அவ்வளவுதான்.

அதுவரைக்கும் அந்தக் கட்டியைத் தொடாதீர்கள். ஒரு நாளைக்கு எத்தனை முறை தொட்டுப் பார்க்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் உங்கள் நிலையில் இருக்கும் எல்லோரும் அதைச் செய்கிறார்கள். அழுத்தி அழுத்திப் பார்த்தால் நெறி வலிக்கும், சுற்றியிருக்கும் சதை வீங்கும்; “நேத்தைவிடப் பெருசாயிடுச்சு” என்று தோன்றும். காலண்டரில் இன்றைய தேதியில் ‘கொட்டைப்பாக்கு அளவு’ என்று எழுதி வைத்துவிட்டு, டாக்டர் தொடும் வரை விட்டுவிடுங்கள். ராத்திரியில் தூக்கம் வராமல் மொபைலில் தேடுவதையும் நிறுத்துங்கள். அங்கே வருவதெல்லாம் வேறு ஆழம், வேறு நிலை, வேறு ஆட்களின் கதை.

காய்ச்சல் வந்தாலோ, கால் சிவந்து வீங்கினாலோ, கட்டி திடீரென்று வலித்து வாந்தியும் வந்தாலோ அடுத்த வாரம் வரை பார்க்காமல் அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போங்கள். கடைசியாகச் சொன்னது குடலிறக்கம் சிக்கிக்கொண்டதற்கான அறிகுறியாக இருக்கலாம். சர்க்கரை இருக்கிறதா, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்பது கடிதத்தில் இல்லை. இருந்தால் ஊசி போடுவதற்கு முன்னால் சொல்லிவிடுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம், அவர்கள் சொல்வார்கள்.